நடுத்துளை

ஒக்ரோபர் 19, ஞாயிறு

பிரஷர் 146/90.

இன்று முதல் இந்தக் கொப்பியில் எழுத வேண்டும் என்பது டொக்ரரின் உத்தரவு. இரண்டு வகை மருந்து போட்டும் பிரஷர் ஏன் இறங்கவில்லை என்று அவருக்கு விளங்கவில்லையாம். தினமும் காலையில் அளந்து இலக்கத்தை எழுதி, கீழே என்ன சாப்பிட்டேன், என்ன செய்தேன், மனதில் என்ன ஓடியது என்று நாலு வரி எழுதட்டாம். டொக்ரர் இங்கே பிறந்த பிள்ளை, ஆனால் தமிழ் நன்றாக வாசிப்பார். ஆகவே கவனமாக எழுத வேண்டும்.

பெயர் குகதாசன். வயது ஐம்பத்தெட்டு. படிப்பு ஓ.எல்., அதிலும் கணக்குக்கு வெறும் S, மட்டுமட்டான பாஸ். வேலை, ஸ்காபரோவில் ஒரு தளபாடக் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுவது. மற்றவர்கள் வாங்கிய கட்டில்களைத் தூக்கி வைத்தே முப்பது வருடம் போய்விட்டது.

இன்று புட்டு, மீன்குழம்பு, உப்புக் குறைவு. மனிசி பவளம் காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணித்தியாலம் போன் கதைத்தாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தது. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் வெங்காயம் என்பாள்.

ஒக்ரோபர் 22, புதன்

144/90.

வேலையால் வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்கச் சரக்கு வறுக்கும் மணம். மல்லி, மிளகு, வேர்க்கொம்பு, ஓமம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைக்கிற அதே சரக்கு. இந்த வீட்டில் யார் பிள்ளை பெற்றது என்று கேட்டேன். பக்கத்து வீட்டு மருமகளுக்கு என்றாள்.

பக்கத்து வீட்டார் சீனர்கள். சரி, அவர்களுக்கும் உடம்புக்கு நல்லதுதான்.

ஒக்ரோபர் 25, சனி

148/91.

பவளம் ஒரு பார்சலை இறுக்கி ஒட்டித் தந்து, தபால் கந்தோரில் போட்டுவிட்டு வரச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்குப் போவதற்குத் தபால் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கண்ணாடியை எடுக்காமல் போனதால் விலாசமும் தெரியவில்லை. P3 என்று தொடங்கும் குறியீடு வடக்குப் பக்கம் என்று தபால் கந்தோர்ப் பெண் தானாகவே சொன்னாள். பனிக்காலத்தில் இரண்டு நாள் கூடச் செல்லுமாம்.

பாரம் 2.3 கிலோ. மணத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒக்ரோபர் 28, செவ்வாய்

145/92.

இரவுச் சாப்பாட்டில் பவளம் ரொட்டியைப் பிய்த்தபடி, எனக்குச் சொல்லாமல் ரொட்டிக்குச் சொல்வதுபோல் சொன்னாள்: "சட்பரியில பனி கொட்டத் தொடங்கிட்டுதாம். நிதுவின்ர காருக்கு இன்னும் வின்ரர் ரயர் போடேல்லையாம்."

நிது, அதாவது நிதர்சனா, எங்கள் ஒரே மகள். சட்பரியில் ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இங்கிருந்து வடக்கே நாலரை மணித்தியால ஓட்டம். அவளும் நானும் கதைத்து இரண்டரை வருடம் ஆகிறது. அது ஒரு சின்ன விஷயம், டொக்ரருக்குத் தேவையில்லை.

கோடை ரயர் குளிரில் இறுகிப் பலகையாகிவிடும். பிரேக் பிடித்தாலும் கார் தன் பாட்டுக்குப் போகும். அந்த வடக்கு றோட்டில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஏரி. நான் உடனே முடிவெடுத்துவிட்டேன். பாவித்த நாலு றிம்மை வாங்கி, அதில் வின்ரர் ரயரைப் பூட்டி, முழுச் சில்லாகவே கொண்டுபோய்ப் போட்டுக்கொடுப்பது. பிறகு ஒவ்வொரு வருடமும் நட்டைக் கழற்றிச் சில்லை மாற்றினால் போதும்.

பவளம் கேட்டாள்: "எதுக்கும் ஒருக்கா அவளிட்டைக் கேட்டுச் சொல்லட்டே?"

என்னத்தைக் கேட்கிறது என்றேன். அந்தக் கொறோலாவை அவளோடு கூடப்போய் எடுத்துக்கொடுத்தவன் நான். அதன் ஒவ்வொரு நட்டும் எனக்குத் தெரியும்.

நவம்பர் 1, சனி

150/92.

ஒவ்வொரு நட்டும் தெரியும் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

ஏஜக்ஸில் ஓர் ஆள் கொறோலாவில் இருந்து கழற்றிய நாலு சில்லை விற்பதாக இணையத்தில் போட்டிருந்தார். போனேன். தேடிப் பார்த்ததில் எனக்கு வேண்டியது ஐந்து துளை, துளைகள் நிற்கும் வட்டம் நூறு மில்லிமீற்றர். பவளத்தின் தையல் நாடாவைக் கொண்டுபோயிருந்தேன். ஒரு துளையின் நடுவில் வைத்து எதிரே உள்ள துளைவரை அளந்தேன். தொண்ணூற்றைந்து. இன்னொரு தரம் அளந்தேன். தொண்ணூற்றைந்து. நான் அந்த மனிதரைக் கண்ணுக்குள் பார்த்து, இது கொறோலாச் சில்லு இல்லை, என்னை ஏமாற்ற முடியாது என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

147/90.

தில்லைநாதனின் கராச்சுக்குப் போனேன். முப்பது வருடச் சிநேகிதன். தொண்ணூற்றைந்துக் கதையைச் சொன்னதும் காருக்கடியில் படுத்திருந்தவன் வெளியே வந்து, கிறீஸ் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சான், ஐஞ்சு துளையில எந்தத் துளைக்கு எதிர்த் துளை இருக்கு? நீ அளந்தது குறுக்குக் கோடு. வட்டம் நூறெண்டால் அந்தக் கோடு தொண்ணூற்றைஞ்சுதான் வரும். நல்ல சாமானை விட்டிட்டு வந்திருக்கிறாய்."

உடனே ஏஜக்ஸ்காரருக்குப் போன் அடித்தேன். விற்றுவிட்டாராம். விற்காவிட்டாலும் எனக்குத் தரமாட்டாராம்.

தில்லை நிலத்தில் சோக்கால் கீறிப் பாடம் எடுத்தான். ஐந்து துளை சரியாக வந்துவிட்டால் சில்லு பொருந்திவிட்டது என்று நினைக்கக்கூடாது. நடுவில் ஒரு பெரிய துளை இருக்கிறது. காரின் அச்சுத் தலை அதற்குள்தான் போய் இருக்க வேண்டும். கொறோலாவுக்கு அது ஐம்பத்து நாலு. துளை பெரிதென்றால் வளையம் போட்டுச் சமாளிக்கலாம். சிறிதென்றால் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு றிம்மின் அகலம், அது எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது, ரயரின் பக்கவாட்டில் அது செய்த கிழமையும் வருடமும். எல்லாவற்றையும் சீட்டில் எழுதித் தந்தான்.

"நாலு சில்லும் ஒரே மாதிரி இருக்கோணும். கண்டதையும் அள்ளிக்கொண்டு வந்திடாதை."

நவம்பர் 5, புதன்

153/94.

மூன்று நாளாகப் போன்தான் வேலை. மொன்றியலில் தம்பி முறையான ஒருவன், அங்கே வின்ரர் ரயர் சட்டம் என்பதால் அவனுக்கு எல்லாம் தெரியும். எட்மன்ரனில் பழைய அறைத் தோழன். ஒட்டாவாவில் பவளத்தின் ஒன்றுவிட்ட அண்ணன். கடைசியில் லண்டனில் இருக்கும் என் மச்சானையும் விடவில்லை. அவர் வாழ்க்கையில் வின்ரர் ரயரைத் தொட்டதில்லை, ஆனால் அபிப்பிராயம் அரை மணித்தியாலம் சொன்னார்.

மத்தியானம் தில்லை அடித்தான். மொன்றியல்காரன் அவனுக்கும் அடித்து, குகனுக்கு என்ன நடந்தது என்று கேட்டானாம்.

"நாலு பழைய சில்லுக்கு நாலு ஊர் விசாரிக்கிறாய். மாப்பிள்ளையை விசாரிச்ச மாதிரியெல்லோ கிடக்கு," என்றான்.

சொன்ன பிறகுதான் யோசித்திருக்க வேண்டும், அவசரமாக வேறு கதைக்கு மாறினான். நானும் சிரித்துவிட்டேன். பின்னேரம் இன்னொரு தரம் அளந்தேன், 161/97. மெஷின் பற்றரி இறங்கியிருக்கும்.

நவம்பர் 8, சனி

149/93.

சில்லு கிடைத்துவிட்டது.

மிசிசாகாவில் ஒரு வயதான போர்த்துக்கீசர். கராச் சுவரில் நாலு சில்லும் தனித்தனி உறையில், ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கத்துச் சில்லு என்று எழுதித் தொங்கின. நான் தில்லையின் சீட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஐந்து துளை, குறுக்குக் கோடு தொண்ணூற்றைந்து. நடுத்துளை ஐம்பத்து நாலு. பதினைந்து அங்குல இரும்பு றிம். ரயர் மூன்று வருடம் பழசு, பல் ஏழு மில்லிமீற்றர். வெடிப்பில்லை, ஒட்டுப் போடவில்லை.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன், அதுவும் சீட்டில் இருந்தது. மனைவியின் கார் என்றார். மனைவி போனபின் காரைக் கொடுத்துவிட்டாராம், வாங்கியவருக்குச் சில்லைக் கொடுக்க மறந்துவிட்டாராம். எங்கே போனார் என்று கேட்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை என்று நினைத்தேன், ஆனால் கேட்டுவிட்டேன். அவர் மேலே காட்டினார். கராச்சின் கூரையைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு விளங்கியது.

அவரே நாலையும் என் வான் வண்டியில் ஏற்றித் தந்தார். கதவைச் சாத்தும்போது, யாருக்கு என்று கேட்டார். மகளுக்கு என்றேன். நல்ல தகப்பன் என்று முதுகில் தட்டினார்.

நவம்பர் 9, ஞாயிறு

158/96.

இந்தப் பக்கத்தை டொக்ரருக்குக் காட்டுவதில்லை.

நேற்று அந்த மனிதர் முதுகில் தட்டிய இடம் இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது.

நிது மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெடியனை விரும்புவதாகத் தாயிடம் சொன்னாள். பெயர் வாகீசன். சட்பரியில் சுரங்க இயந்திரங்கள் திருத்துகிற வேலை. எங்கள் ஆட்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். எந்த ஊர், யாருடைய மகன், தாய் எந்தப் பகுதி என்று விசாரித்தேன். மொன்றியலுக்கு அடித்தேன், எட்மன்ரனுக்கு அடித்தேன், லண்டனுக்கு அடித்தேன், ஊருக்கும் அடித்தேன். லண்டனில் இருந்து ஒரு சொல் வந்தது. அந்தக் குடும்பத்தை ஊரில் என்னவென்று சொல்வார்கள் என்ற ஒரு சொல். அதை இங்கே எழுதமாட்டேன். எழுதக் கை கூசுகிறது. வாய் கூசவில்லை, அதுதான் பிரச்சினை.

நிதுவுக்குப் போன் எடுத்தேன். அப்பா, கார் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்றாள். பரவாயில்லை, ஒரு நிமிடம்தான் என்றேன். அந்தச் சொல்லைச் சொன்னேன். ஒரு தரம் இல்லை. இன்னார் வீட்டில் நீ கை நனைப்பாயோ என்று கேட்டு, மறுபடியும் சொன்னேன்.

சிக்னல் விளக்கின் டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது. கார் ஓரமாக நிற்பது தெரிந்தது. பிறகு ஓர் ஆண் குரல், மிகவும் மரியாதையாக: "நான் இறங்கி நிக்கிறன். நீர் அப்பாவோட கதையும்."

போன் காரின் ஸ்பீக்கரில் போயிருக்கிறது. கார் வாங்கிய அன்று அவளுடைய போனைக் காரோடு பொருத்திக் கொடுத்தவன் நான்தான். ஓடும்போது கையில் போனை எடுக்கக்கூடாது மகள், ஆபத்து என்று புத்தி சொல்லிப் பொருத்திக் கொடுத்தேன்.

கலியாணம் நகரசபையில் நடந்தது. பவளம் பஸ்ஸில் போய் வந்தாள். நான் அன்று மேலதிக நேரம் வேலை செய்தேன். பதினாறு சோபா ஏற்றினேன்.

நவம்பர் 12, புதன்

151/93.

நாலு சில்லையும் குளியலறைத் தொட்டியில் வைத்துக் கழுவினேன். துரு இருந்த இடத்தைத் தேய்த்துக் கறுப்புப் பூச்சு அடித்தேன். பவளம் திட்டவில்லை. அதுவே ஆச்சரியம்.

எப்போது போவது என்று கேட்டேன். வாற ஞாயிறு, பதினாறாம் திகதி என்றாள். அடுத்த சனி வசதி என்றேன். இல்லை, பதினாறுதான் என்றாள். கலண்டரில் அந்த நாளைச் சுற்றி ஏற்கெனவே சிவப்பு வட்டம் இருந்தது. நான் அதைப் பல் டொக்ரர் நாள் என்று நினைத்திருந்தேன். பவளம் முகம் கழுவி வந்த ஞாயிறுக்கு இரண்டு நாள் முன், ஒக்ரோபர் பதினேழில் இருந்து எண்ணினால் துடக்குக் கழிக்கிற முப்பத்தோராம் நாள் வருகிறது. ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை. கணக்குக்கு S எடுத்தவன் சும்மா இருந்திருக்கலாம்.

"நான் உள்ள போய் ஒரு ரெண்டு மணித்தியாலம் இருந்திட்டு வருவன்," என்றாள். "உங்களுக்கு வெளியில வேலை இருக்கும்தானே?"

ஓம், எனக்கு வெளியில் வேலை இருக்கும் என்றேன். நாலு சில்லு மாற்றுவதென்றால் சும்மாவா.

நவம்பர் 17, திங்கள்

அளக்கவில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையில் இருந்து எழுதுகிறேன்.

நேற்று விடியப் புறப்பட்டோம். பவளம் மடியில் ஒரு பையை வைத்திருந்தாள், பின்னால் வை என்றாலும் வைக்கவில்லை. பரி சவுண்ட் தாண்டப் பாறைகளில் வெள்ளை தெரிந்தது. சட்பரிக்குள் போகும்போது மணி பதினொன்று, குளிர் மைனஸ் ஆறு. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். இந்தக் குளிருக்குச் சரியான சாமானோடு வந்திருக்கிறேன் என்று.

சின்ன வீடு. வாசலில் நீலச் சுபாரு ஒன்று நின்றது. கொறோலாவைக் காணவில்லை. வந்திருக்கிற ஆட்களின் கார் என்று நினைத்து, பின்னால் நிறுத்தினேன். கதவு கொஞ்சம் திறந்தது. பவளம் பையோடு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. நான் வானின் பின்கதவைத் திறந்து, சில்லுகளை இறக்கி, மதிலோரம் வரிசையாக நிறுத்தி, ஜாக்கி, சாவி எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, கொறோலா வரும் என்று காத்து நின்றேன்.

அரை மணித்தியாலத்தால் நிது வந்தாள். படியில் நின்றாள், இறங்கவில்லை. மெலிந்திருந்தாள், முகம் மட்டும் ஊதியிருந்தது. முழுகின ஈரத் தலையில் துவாய் கட்டியிருந்தாள். அம்மா சொன்னவ, ரயர் கொண்டு வந்தீங்களாம் என்றாள். கொறோலா எங்கே என்று கேட்டேன். போன வருடமே விற்றுவிட்டார்களாம். இதுதான் அவர்களுடைய கார். வின்ரர் ரயருக்கு வியாழக்கிழமை கடையில் நாள் எடுத்திருக்கிறார்களாம்.

அவள் மதிலோரம் நின்ற நாலு சில்லையும் பார்த்தாள். பூச்சு வெயிலில் மினுங்கியது.

"ஆரைக் கேட்டு வாங்கினீங்கள்?"

தில்லை மாமாவைக் கேட்டேன், மொன்றியலில் கேட்டேன், ஒட்டாவா அண்ணனைக் கேட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். நான் எவ்வளவு அக்கறையாக விசாரித்தேன் என்று அவளுக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னேன். லண்டனும் வாயில் வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

"என்னட்டை மட்டும் கேக்கேல்லை," என்றாள்.

கோபமில்லை. வெளியில் எத்தனை பாகை என்று சொல்வதுபோல் சொன்னாள்.

உம்முடைய புது நம்பர் என்னிடம் இல்லையே என்றேன். அம்மாவிடம் இருக்கு என்றாள். இதுவும் ஐந்து துளைதான், வட்டமும் நூறாக இருக்கும், ஒருக்காப் போட்டுப் பார்க்கட்டோ என்று கேட்டேன். தோளைக் குலுக்கி, பாருங்கோ என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பார்த்தேன். பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, நட்டைக் கழற்றிச் சில்லை எடுத்தேன். முழங்காலில் இருந்து நிமிரும்போது பின் கண்ணாடி சரியாக என் முகத்துக்கு நேரே வந்தது. உள்ளே, பின்னுக்குப் பார்த்தபடி குழந்தை இருக்கை ஒன்று பூட்டியிருந்தது. மிகச் சிறியது. அதில் சோடியில்லாத ஒரு கம்பளிக் கால்மேசு கிடந்தது, என் பெருவிரல் அளவு. பச்சை நிறம். பச்சையை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

என் சில்லைத் தூக்கி வைத்தேன். ஐந்து துளையும் ஐந்து ஆணிக்கு நேரே நின்றன. ஒரு கணம், சரியாக உள்ளே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அச்சுத் தலையில் முட்டி நின்றது. திருப்பி வைத்தேன். அடுத்த சில்லை எடுத்து வைத்துப் பார்த்தேன். பிறகு மூன்றாவதை. நாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பார்த்துப் பார்த்து வாங்கியவன் நான்தானே. என்றாலும் நாலாவதையும் வைத்துப் பார்த்தேன்.

அப்போதுதான் வாகீசன் வந்தான். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தரம். உயரமில்லை. கையில் தேத்தண்ணி, சீனி போடவில்லை, மாமி சொன்னவ என்றான். என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. கராச்சுக்குள் போய் அளவுக் கருவி எடுத்து வந்து, பக்கத்தில் முழங்காலில் இருந்தான். என் சில்லின் நடுத்துளையை அளந்து காட்டினான், ஐம்பத்து நாலு. காரின் அச்சுத் தலையை அளந்து காட்டினான், ஐம்பத்தாறு.

"ரெண்டு மில்லிமீற்றர்," என்றான்.

ரயரை மட்டும் கழற்றி அவர்களுடைய றிம்மில் போடலாமோ என்று கேட்டேன். அவர்களுடையது பதினேழு அங்குலமாம். அப்படியென்றால் இந்தத் துளையைக் கொஞ்சம் அராவிப் பெருப்பிக்கலாமோ என்று கேட்டேன். கராச் வைத்திருக்கிற எவனும் கேட்காத கேள்வி. அவன் சிரிக்கவில்லை.

"அராவலாம். நடுவா வராது. ஓடேக்க ஆடும்," என்றான். பிறகு பின் கண்ணாடியைப் பார்த்தான். "உள்ள ஆள் இருக்குமெல்லோ."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அவர்களுடைய சில்லைத் திரும்பப் பூட்டினோம். அவன் சில்லைப் பிடித்தான், நான் நட்டைக் கையால் ஓட்டினேன். ஒன்றுவிட்டு ஒன்று என்று சொல்லத் தேவைப்படவில்லை, இருவருக்கும் அந்த ஒழுங்கு தெரியும். ஜாக்கியை இறக்கிய பிறகு அவன் சாவியோடு குனிந்தபடி, நிலத்தைப் பார்த்துச் சொன்னான்:

"அண்டைக்குக் கார் ஸ்பீக்கரில கேட்டது எனக்கு மறந்துபோச்சு. அவவுக்குத்தான் மறக்கேல்லை."

மறந்துபோனவனுக்கு ஸ்பீக்கர் எப்படி நினைவிருக்கும் என்று எனக்கு யோசனை ஓடியது. நான் அப்போது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நாலரை மணித்தியாலம் ஓடிப் போனது அதற்குத்தான் என்றுகூட இப்போது தோன்றுகிறது. ஆளுக்கும் எனக்கும் இடையில் ஒரு முழம் தூரம்தான். குளிரில் வாய் விறைத்திருந்தது என்று எழுதலாம், ஆனால் தேத்தண்ணி சூடாகத்தான் இருந்தது.

"அந்தக் கீழ் நட்டை இன்னுங் கொஞ்சம் இறுக்கும்," என்றேன்.

அவன் இறுக்கினான். ஓம் என்றான். வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

பிறகு ஒரு மணித்தியாலம் நான் வெளியில் வேலை செய்தேன். என்ன வேலை என்று கேட்கக்கூடாது. சில்லுகளை வானில் ஏற்றினேன், இறக்கி வேறு மாதிரி அடுக்கினேன். வாசலில் பனி இல்லாத இடத்தைக் கூட்டினேன். உள்ளே சாம்பிராணி போட்டார்கள், யன்னல் இடுக்கால் மணம் வந்தது. ஒரு தரம் அழுகைச் சத்தம் கேட்டது. நல்ல பலமான குரல். பவளம் வந்து வானில் ஏறியபோது அவளுடைய சட்டையின் தோளில் பால் கக்கிய ஈரம் இருந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

தெற்கே திரும்பினோம். பின்னால் நாலு சில்லும் வளைவுக்கு வளைவு உருண்டு முட்டின.

கார் மாறினது உனக்குத் தெரியுமோ என்று கேட்டேன். தெரியும் என்றாள்.

"பின்னை ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீங்கள் வெளிக்கிட்டிருப்பீங்களே? நீங்கள் வெளிக்கிடாட்டி என்னை ஆர் கூட்டிக்கொண்டு போறது? முந்தி நான் போன அந்தச் சனிக்கிழமை பஸ்ஸையும் இப்ப நிப்பாட்டிப்போட்டாங்கள்."

நியாயம்தான். மனிசிக்குக் கார் ஓடத் தெரியாது. நான் பழக்கவில்லை.

பெயர் என்ன வைத்தார்கள் என்று கேட்டேன். கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். கேட்கவில்லையாக்கும் என்று திரும்பக் கேட்டேன்.

"நிது சொல்லச் சொன்னாச் சொல்லுறன்."

"பெடியனோ பெட்டையோ எண்டாவது..."

"அதுவும் அப்பிடித்தான்," என்றாள். கொஞ்ச நேரத்தால், "என்னை மன்னியுங்கோ. உங்களுக்கு ஒண்டும் சொல்லமாட்டன் எண்டாத்தான் என்னை உள்ள விடுவன் எண்டவள்," என்றாள்.

நான் றோட்டைப் பார்த்து ஓடினேன். வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் ஏரி. என்னுடைய வானுக்கும் நான் இன்னும் வின்ரர் ரயர் போடவில்லை என்பது பரி சவுண்டைத் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நவம்பர் 20, வியாழன்

155/95.

இன்று அவர்கள் ரயர் மாற்றும் நாள். மாற்றியாயிற்றா என்று பவளத்திடம் கேட்டேன். ஓமாம்.

நவம்பர் 26, புதன்

160/98.

டொக்ரர் கொப்பியைப் பார்த்தார். சில பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து ஸ்டேப்பிள் அடித்திருந்தேன். அவர் அந்தத் தடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். திறக்கவில்லை. மருந்தைக் கூட்டினார்.

நவம்பர் 30, ஞாயிறு

156/94.

சில்லுகளை விற்கப் போட்டேன். தில்லையின் சீட்டில் இருந்ததை அப்படியே எழுதினேன். ஒருவர் அடித்தார். கொறோலா வைத்திருக்கிறாராம். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார். அவருடைய சீட்டிலும் அந்தக் கேள்வி இருந்திருக்கும்.

கார் மாறிவிட்டது என்றேன். பின்னேரம் வருவதாகச் சொன்னார், வரவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

159/96.

காலையில் இருந்து பனி. சட்பரியில் இதைவிட மூன்று மடங்காம், செய்தியில் சொன்னார்கள்.

நாலு சில்லும் கீழறையில் சுவரோரம் நிற்கின்றன. உறையில் போட்டு, எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றிலும் எழுதிவிட்டேன். அவர்களுடைய காருக்குப் பொருந்தாத சில்லில் எழுதியும் பிரயோசனமில்லை. கை சும்மா இருக்கவில்லை.

பவளம் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போனில் இருக்கிறாள். கதவின் கீழால் சின்னச் சின்னச் சத்தம் வருகிறது. அவள் அதற்கு ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், நான் நடமாடுவது கேட்டால் குரலைத் தாழ்த்திவிடுகிறாள். ஆகவே நான் கீழே வந்து இருந்து இதை எழுதுகிறேன். மறந்துபோகாமல் இருக்கட்டும்.

சுபாரு இம்பிரெசா, நீலம். ஐந்து துளை, வட்டம் நூறு. நடுத்துளை ஐம்பத்தாறு தசம் ஒன்று. றிம் பதினேழு அங்குலம். ரயர் 205/50. நட்டின் புரி இடைவெளி ஒன்றேகால் மில்லிமீற்றர், கொறோலாவுடையதைவிட நெருக்கம். வின்ரர் ரயர் போட்டது நவம்பர் 20.

அந்தக் காரைப் பற்றி எனக்குத் தெரியாதது இனி ஒன்றும் இல்லை.